தக்காளி எடுக்கும் கையும் திரையில் வந்த பெயரும்

அன்று அந்த லேபில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர்.

வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வந்த பேராசிரியர். மாணவர்களுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த மேடம். லேப் அட்டெண்டர் சிவண்ணா. மாணவர்கள் மூன்று பேர்: சுமந்த், அர்பிதா, ஸ்நேகா. ஏழாவது நான். ஒரு கையில் சால்டரிங் அயர்ன், தோளில் பழைய லேப்டாப் பை.

இந்த ஏழு பேரில் ஸ்நேகா என் மகள் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் அவளுக்கும்.

நான் உள்ளே நுழைந்தபோது பேராசிரியர் இன்னும் வந்திருக்கவில்லை. பக்கத்து லேபில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசை மேல் நான் செய்து கொடுத்த ரோபோ கை நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் ஜுரம் வந்தவன் கை எப்படி உதறுமோ அப்படி. ஆறு மோட்டாரும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்க, கொசு காதருகே வந்த மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை மாடிப்படியிலேயே கேட்டுவிட்டேன்.

பக்கத்தில் எவர்சில்வர் தட்டில் மூன்று தக்காளி இருந்தன. பழுத்த தக்காளியை நசுக்காமல் எடுத்துக் கூடையில் வைக்க வேண்டும். அதுதான் அந்தக் கையின் வேலை.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்நேகாதான் முதலில் பேசினாள், கன்னடத்தில். "அங்கிள், காலையிலிருந்து இப்படித்தான் ஆடுது. பத்து நிமிஷம்தான் இருக்கு."

அங்கிள்.

எட்டாவது பெயிலும் இல்லை, பாஸும் இல்லை

சென்ற வாரம் இந்தத் தொடரில், நான் டிவி ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்ததை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒருவர், வறுமையால் படிப்பை விட்டீர்களா என்று கேட்டு எழுதியிருக்கிறார். அப்படிச் சொன்னால் கௌரவமாகத்தான் இருக்கும். உண்மை அதுவல்ல.

கர்நாடகத்தில், மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக் கௌதள்ளியில் தமிழில் படித்துவிட்டு ஹனூர் பள்ளிக்கூடத்தில் கன்னடத்தில் எட்டாவது சேர்ந்தேன். சமூகப் பாடம் எடுத்தவர் தினமும் ஒருவனை எழுப்பி வாசிக்கச் சொல்வார். என் முறை வந்த அன்று நான் வாசித்த விதத்துக்கு வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு என் முறை மறுபடி எப்போது வரும் என்று எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தொரு பையன்கள். எண்ணி எண்ணி பஸ்ஸில் ஏறும்போதே வாந்தி வரும். மூன்று மாதம் ஜன்னல் ஓரமாக வாந்தி எடுத்துப் போய்வந்தேன். பிறகு போகவில்லை.

கவலைப்படுவது எனக்கு அப்போது பிடித்த வியாதி. இன்றைக்கும் கடை ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். என் மனைவி சரசு சொல்வாள்: "நீங்க கவலப்படறதுக்குன்னு யாராச்சும் சம்பளம் குடுத்திருந்தா நாம இந்நேரம் பங்களா கட்டியிருப்பமுங்க."

பிப்ரவரி முதல் மே வரை

மைசூர் மண்டி மொஹல்லாவில் என் கடைக்குப் பலகையில் போட்டிருப்பது 'எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ்'. டிவியெல்லாம் தட்டையாகிப் போன பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ரிப்பேருக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். மிக்ஸி, எமர்ஜென்சி லைட், கோயில் ஆம்ப்ளிஃபயர் என்று ஓட்டினேன். அப்புறம்தான் இந்த ப்ராஜெக்ட் வியாபாரம் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் மாணவர்கள் சொந்தமாக ஏதாவது செய்து காட்ட வேண்டும். பிப்ரவரி பிறந்தால் என் கடை வாசலில் பைக்குகள் நிற்கும். கையில் ஒரு ஆங்கிலக் கட்டுரையின் அச்சுப் பிரதி இருக்கும். "அண்ணா, இது ஆகுமா?" என்பார்கள். ஆகும் என்பேன். கட்டுரையில் எனக்குப் படம்தான் புரியும். படம் போதும்.

எட்டாவது முடிக்காத நான் செய்ததை வைத்து எத்தனை பேர் இன்ஜினியர் ஆகியிருக்கிறார்கள் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். சிலர் மைசூர் வந்தால் கடைப் பக்கம் பைக்கில் போவார்கள். ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார்கள்.

செர்வோ மோட்டார் என்பது தீப்பெட்டி அளவில் இருக்கும். சாதாரண மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். இது அப்படியில்லை. எத்தனை டிகிரி என்று சொன்னால் அத்தனை திரும்பி அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்கும். மூன்று ஒயர். சிவப்பு கரண்டுக்கு, கருப்பு மைனஸுக்கு, மஞ்சள் உத்தரவுக்கு. உத்தரவு கொடுப்பது கன்ட்ரோலர் போர்டு. அந்த போர்டுக்குப் புரிகிற மாதிரி ப்ரோகிராம் எழுத வேண்டும்.

ப்ரோகிராமை நான் வீடியோ பார்த்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்துக் கற்றுக்கொண்டேன். ஒரு கமாப்புள்ளி விட்டுப் போனதற்கு நான்கு நாள் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறேன். வகுப்பில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களைப் போல இல்லை கம்ப்யூட்டர். தப்பென்றால் எத்தனையாவது வரியில் தப்பு என்று சொல்லும். சிரிக்காது.

தெரியாத மாதிரி இரு

ஸ்நேகா அந்த இன்ஜினியரிங் கல்லூரியில்தான் படித்தாள். கடைசி வருஷம் தை மாத வாக்கில் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"அப்பா, நாளைக்கு என் டீம்ல ரெண்டு பேரைக் கடைக்குக் கூட்டிட்டு வரேன். நீ என்னைத் தெரியாத மாதிரி இரு."

சரசு கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"உன் பொண்ணுன்னு தெரிஞ்சா ஓசியில கேப்பாங்க. அப்புறம் அவங்கப்பாவே செஞ்சுக் குடுத்தாருன்னு காலேஜ் பூரா பேசுவாங்க. அஷ்டே, அவ்வளவுதான். நீ சும்னே எதையாவது நெனைச்சுக்காத."

சரி என்றேன். ஓசியில் கேட்பார்கள் என்பது உண்மைதான். வியாபாரம் தெரிந்த பெண் என்று அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. படுத்த பிறகுதான் வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தேன். அவள் கல்லூரியில் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாள்? அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டிருப்பார்களே? கேட்கலாம் என்று பல நாள் வாய் வரை வந்தது. பதில் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை.

மறுநாள் வந்தார்கள். சுமந்த் உயரமான பையன், அவசரக்காரன். அர்பிதா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். என் மகள் கடைசியில் நின்றுகொண்டு, எவ்வளவு ஆகும் அங்கிள் என்று கேட்டாள். தொகையைச் சொன்னேன். ஜாஸ்தியாச்சு அங்கிள் என்று பேரம் பேசினாள். நன்றாகவே பேசினாள். ஐநூறு குறைத்தேன்.

கை தயாராக ஐந்து வாரம் ஆனது. விரல்கள் எத்தனை டிகிரி மூடினால் தக்காளி நசுங்காது என்று கண்டுபிடிப்பதற்குள் இரண்டு கிலோ தக்காளி கூழானது. தினமும் ரசம். "உங்க ரோபோவு இன்னைக்கும் ரசந்தான் வெச்சுதா" என்று சரசு கேட்பாள். ஸ்நேகா தட்டைப் பார்த்துச் சிரிப்பாள். வீட்டில் அப்பா, கடையில் அங்கிள். இதற்கு அவள் எவ்வளவு சீக்கிரம் பழகினாள் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வரித் திரை

கையின் அடிப்பலகையில் ஒரு சின்னத் திரை உண்டு. இரண்டு வரி, வரிக்குப் பதினாறு எழுத்து. ஸ்விட்சைப் போட்டவுடன் டீமில் இருக்கிறவர்கள் பெயர் அதில் வரும். பிறகு 'ரெடி' என்று காட்டும். எல்லா ப்ராஜெக்டிலும் இதைச் செய்து கொடுப்பேன். காசு வாங்காமல் செய்கிற ஒரே வேலை அது. தங்கள் பெயர் நீல வெளிச்சத்தில் எரிவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு முகம் மலரும்.

சுமந்த், அர்பிதா என்று முதல் வரியில் அடித்தேன். இரண்டாவது வரியில் யோசிக்காமல் மாதேவி என்று அடித்துவிட்டேன்.

அவளுக்கு வீட்டில் அதுதான் பெயர். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லாமல் மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவள். மலையிலேயே முடி இறக்கி, மாதேவி என்று பெயர் வைத்தோம். மைசூரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, இங்கே அந்தப் பெயர் ரொம்ப ஊர்ப்பக்கமாக இருக்கிறது என்று சரசுவின் தங்கை சொல்ல, படிவத்தில் ஸ்நேகா என்று எழுதினோம். வெளியில் யாருக்கும் மாதேவியைத் தெரியாது. தெரிவதில் அவளுக்கு விருப்பமும் இல்லை.

அடித்த மறுநிமிடமே கவனித்துவிட்டேன். அவர்கள் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்ததில் ஸ்நேகா என்று திருத்திக் கொடுத்தேன். என் லேப்டாப்பில் இருந்ததைத் திருத்தினேனா? ஷட்டர் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறவன் இதைப் பார்க்கவில்லை.

இதை இவ்வளவு தைரியமாக எழுதுகிறேனே என்று நினைக்கலாம். அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கருப்பு ஒயர்

லேபுக்கு வருகிறேன். அன்று காலை சுமந்த் போன் செய்து கூப்பிட்டதால்தான் போனேன்.

கேட்டில் நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். வந்த காரணம் என்ற இடத்தில் காவலாளியே 'சர்வீஸ்' என்று எழுதிக்கொண்டான். நான்கு வருஷம் அவளுக்கு ஃபீஸ் கட்டியிருக்கிறேன். எல்லாம் பேங்கில் கட்டியது. அந்தக் கல்லூரிக்குள் நான் கால் வைத்தது அன்றுதான்.

கையைப் புரட்டிப் பார்த்தேன். மோட்டார்களுக்குத் தனி அடாப்டர், போர்டுக்கு லேப்டாப்பிலிருந்து கரண்ட். இரண்டின் மைனஸையும் ஒரு கருப்பு ஒயரால் சேர்த்து வைத்திருந்தேன். அந்த ஒயர் இல்லை. சுமந்தைக் கேட்டேன். வெளி அடாப்டரை போர்டோடு சேர்த்தால் லேப்டாப் புகைந்துவிடும் என்று ஹாஸ்டலில் யாரோ சொன்னார்களாம். காலையில் அவன்தான் பிடுங்கியிருக்கிறான். பிடுங்கியது அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

மைனஸைச் சேர்க்காவிட்டால் போர்டு அனுப்பும் உத்தரவு மோட்டாருக்குச் சரியாகப் போய்ச் சேராது. ஒயரைச் சொருகினேன். கை சட்டென்று அடங்கி நேராக நின்றது. மூன்று பேரும் மூச்சு விட்டார்கள். மேடமும் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் போய் நில்லுங்கள், அடாப்டர் பார்க்க வந்தவர் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

அதோடு நான் பின்னால் போயிருக்க வேண்டும். வேலை முடிந்துவிட்டது.

ஆனால் எனக்குள் அரிக்க ஆரம்பித்தது. காலையிலிருந்து உதறியிருக்கிறதே. இவர்கள் பயந்து ப்ரோகிராமில் கையை வைத்திருப்பார்களோ? விரல் மூடுகிற டிகிரியை மாற்றியிருந்தால்? பேராசிரியர் முன்னால் தக்காளி நசுங்கினால்? நாங்கள் எதையும் தொடவில்லை என்று அர்பிதா சொன்னாள். எதற்கும் இருக்கட்டும் என்று என் லேப்டாப்பை எடுத்துக் கையோடு சேர்த்து, என்னிடம் இருந்த ப்ரோகிராமை மறுபடி ஏற்றினேன். ஏறியவுடன் கை ஒருமுறை அசைந்து நின்றது. என் கண் தோள்பட்டை மோட்டார் மேலேயே இருந்தது. திரையை நான் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டு எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹௌது சார்

பேராசிரியர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நரைத்த மீசை, மெல்லிய குரல். முதலிலிருந்து ஆரம்பித்துக் காட்டுங்கள் என்று அவரே குனிந்து ஸ்விட்சை அணைத்துப் போட்டார்.

திரை நீலமாக எரிந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார். சுமந்த். அர்பிதா. மாதேவி.

கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அதற்குள் 'ரெடி' வந்துவிட்டது.

"மாதேவி யாரு? போன வருஷத்துப் பொண்ணா?"

ப்ராஜெக்ட் வியாபாரத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். பழைய ப்ராஜெக்டைப் பெயின்ட் அடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய பெயரை எங்காவது ஒரு மூலையில் அழிக்க மறந்திருப்பார்கள். இவர் அதை நிறையப் பார்த்திருக்க வேண்டும். கோபப்படவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். மேடம் முகம் வெளுத்துப் போனது.

ப்ராஜெக்டில் பெயில் போட்டுவிட்டால் ஒரு வருஷம் போகும். ஸ்நேகாவுக்கு பெங்களூரில் வேலை கிடைத்து, சேரச் சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. பட்டம் இல்லையென்றால் அந்தக் கடிதம் வெறும் காகிதம். எல்லாம் இரண்டு வரித் திரையால். எதற்கும் இருக்கட்டும் என்ற என் புத்தியால்.

நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். என்ன சொல்வது? இவள்தான் மாதேவி, நான் இவள் அப்பன் என்றால், அப்படியானால் செய்தது யார் என்று அடுத்து கேட்பார். ஹனூர் வகுப்பில் எழுந்து நின்ற மாதிரியே நின்றேன்.

ஸ்நேகா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சார், அது இந்தக் கடை அங்கிளோட மக பேரு. எதை டெஸ்ட் பண்ணினாலும் அந்தப் பேரைத்தான் போடுவாரு. எங்க லேப்டாப் ஹேங் ஆயிடுச்சு, அதனால இப்பதான் அவர் லேப்டாப்ல இருந்து லோட் பண்ணினோம். மாத்த மறந்துட்டோம் சார்."

குரல் நடுங்கவே இல்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். அப்படியா என்று கேட்டார்.

"ஹௌது சார்" என்றேன். ஆமாம் சார். "என் மகள் பேர்தான்."

மகள் என்ன செய்கிறாள் என்றார். படிக்கிறாள் என்றேன். எங்கே என்றார். இதே மைசூரில்தான் என்றேன். அவர் முகம் இளகியது.

"நல்லாப் படிக்க வைங்க. இந்தப் பொண்ணு மாதிரி வரணும்" என்று ஸ்நேகாவைக் காட்டினார். "உங்களை மாதிரி கடையில உட்காரக் கூடாது."

சரிங்க சார் என்றேன்.

பேனாவை எடுத்தார். அந்தக் கருப்பு ஒயரைத் தொட்டு, இது எதற்கு என்று கேட்டார். சுமந்த் கூரையைப் பார்த்தான். ஸ்நேகா ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். சாப்பிடும்போது தட்டு ஓரத்தில் இரண்டு அப்பளத்தை வைத்து அவளுக்கு நான் விளக்கியது அதுதான் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். 'கிரவுண்ட்' என்ற ஒரு வார்த்தை தவிர எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அவர் தலையை ஆட்டினார்.

கை இறங்கி, தக்காளியைப் பிடித்து, தூக்கி, கூடையில் வைத்தது. தோலில் ஒரு கீறல் இல்லை. சிவண்ணா மட்டும் கை தட்டினார்.

வராந்தாவில்

வெளியில் வந்ததும் சுமந்துக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்நேகா முதுகில் தட்டினான். "எப்படிடீ அவ்வளவு சீக்கிரம் ஒரு கதை விட்ட? அங்கிளுக்குப் பொண்ணு இருக்குன்னு உனக்கு யார் சொன்னது?"

"கடையில போட்டோ இருக்கு" என்றாள்.

கடையில் போட்டோ எதுவும் இல்லை.

அர்பிதா கடைசித் தவணையைக் கேட்டுத் தன் பங்கைப் போனிலேயே அனுப்பினாள். சுமந்தும் அனுப்பினான். தலைக்கு நாலாயிரத்து ஐநூறு. பிறகு அவன் இயல்பாகக் கேட்டான், ஸ்நேகா உன்னுது என்று.

அவள் என்னைப் பார்த்தாள். அன்று முழுவதிலும் அப்போதுதான் நேராகப் பார்த்தாள். அந்தப் பொண்ணு அப்பவே குடுத்துட்டா என்று நான் சொல்லியிருக்கலாம். அதைத்தான் எதிர்பார்த்தாள். ஒரு வார்த்தை. நான் சொல்லவில்லை.

"இந்தப் பொண்ணோடது இன்னும் வரல" என்றேன்.

அவள் முகத்தில் என்னவோ ஒன்று வந்து போனது.

"குடுத்துடறேன் அங்கிள்."

வீட்டில் அன்று சரசு பாயசம் வைத்திருந்தாள். ஸ்நேகா டம்ளரைத் தொடவில்லை.

"நான் வேற என்ன சொல்லியிருக்கணும்ப்பா? ஒரு வருஷம் போயிருக்கும்."

"சரியாத்தான் சொன்ன அம்மிணி."

"அப்புறம் ஏன் எல்லார் முன்னாடியும் காசு கேட்ட?"

பாயசம் ஆறிடும், குடி என்றேன்.

ஆடி முடிவதற்குள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளம் வந்த மாதம், ஒருநாள் மத்தியானம், ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பணம் வந்தால் கத்துகிற சின்ன ஸ்பீக்கர் கல்லாமேல் இருக்கிறது. நாலாயிரத்து ஐநூறு ரூபாய் வந்திருப்பதாகக் கன்னடத்தில் அறிவித்தது. போனை எடுத்துப் பார்த்தேன். ஸ்நேகா அனுப்பியிருந்தாள். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை: ப்ராஜெக்ட் பேலன்ஸ். வேறு ஒன்றும் இல்லை.

கை கழுவிவிட்டு வந்து அப்படியே திருப்பி அனுப்பினேன். விஷயம் தெரிந்து சரசு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "புள்ள சம்பாரிச்சுக் குடுத்தா வாங்கிக்கறதுக்கென்னுங்க கேடு" என்றாள். பிள்ளை கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன். அது கஸ்டமர் அனுப்பிய பணம்.

அவள் மறுபடி அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறாள், நானும் கேட்கிறேன். அந்த லேபைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. கடை நோட்டில் அந்த வருஷக் கணக்கெல்லாம் அடித்து முடித்தாகிவிட்டது. ஒரு வரி மட்டும் அடிக்காமல் இருக்கிறது. ஸ்நேகா, ரோபோ கை, வர வேண்டியது நாலாயிரத்து ஐநூறு ரூபாய்.